துரும்பு கொடுத்தார், சோறு கொடுத்தாரா?

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். மலைக்கோட்டை நிழலிலே, அரமும் சுத்தியும் கொண்டு கையாலேயே பூட்டுச் செய்யும் தொழிலாளர் பலரை வளர்த்த ஊர் அது. அவ்வூர் மாங்காய்ப் பூட்டின் பெயர் நாடெங்கும் பரவியது. 2019-ம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெட்டியிலுள்ள பொன்னைக் காக்கப் பூட்டு. களஞ்சியத்து நெல்லைக் காக்கப் பூட்டு. உலகத்தையே காப்பதாகச் சொல்லப்படும் சாமியைக் கள்வரிடமிருந்து காப்பதற்கும் பூட்டு!

அந்த ஊரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் நோக்கி ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. பிரிந்துவிட்ட தாய்க்கும் தந்தைக்கும் நடுவே நிற்கிறதே ஒரு குழந்தை, அதன் ஒரு பிடிச் சோற்றைக் காக்க நாம் எந்தப் பூட்டைச் செய்து வைத்திருக்கிறோம்?

கதை எங்கும் ஒன்றுதான். பேகம்பூர்த் தோல் பதனிடும் தொழிலாளி வீட்டிலும், நாகல் நகர்த் தறிக்காரர் வீட்டிலும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குவோர் வீட்டிலும், மாடிகட்டி வாழும் வணிகர் வீட்டிலும் அதே கதை. மனம் ஒவ்வவில்லை, மணவிலக்கு ஆயிற்று. மாதந்தோறும் பிள்ளைக்கு இவ்வளவு கொடு என்றது நீதிமன்றம். முதல் மாதம் வந்தது. இரண்டாம் மாதம் பாதி வந்தது. மூன்றாம் மாதம் வரவேயில்லை. தாய் மீண்டும் நீதிமன்றப் படி ஏறினாள். அப்போது பணம் வரவில்லை. பதிலுக்கு ஒரு மனு வந்தது. "பிள்ளை என்னுடையது, என்னிடமே ஒப்படைக்க வேண்டும்" என்ற மனு! மூன்று மாதமாகப் பாலுக்கு வழி செய்யாதவருக்குப் பாசம் பொங்கி வழிகிறது, படி கட்டவேண்டிய நாளன்று!

இது இரு குடும்பத்தார் சண்டை, நமக்கென்ன என்று ஒதுங்கிப் போகிறவர் உண்டு. ஒதுங்க முடியாது, தோழர்களே! இந்தச் சண்டைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 'பிள்ளை யாருடைய சொத்து?' என்று நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்த சமுதாயம், 'பிள்ளைக்கு என்ன உரிமை?' என்று கேட்கத் தயங்கிய வரலாறு அது.

மணவிலக்கு என்பது மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கேடு என்று பழமைவாதிகள் பேசுவார்கள். திண்டுக்கல் அடங்கிய பழைய மதுரைச் சீமையின் பழக்கவழக்கங்களை எழுதிவைத்த ஆங்கிலேயரின் ஏடுகளைப் புரட்டினால் அந்தப் பேச்சு நிற்காது. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுப்பிலே, கள்ளர் சமூகத்தாரிடை இருந்த முறை ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. கணவன், தன் இனத்தார் முன்னிலையில், மனைவியிடம் ஒரு துரும்பைக் கொடுப்பான். துரும்பு கொடுத்தான் என்றால் விலக்கினான். துரும்பு வாங்கினாள் என்றால் விலகச் சம்மதித்தாள். அவ்வளவுதான்! யாகமில்லை, மந்திரமில்லை, ஏழு பிறவிக்கும் பிணைத்த விலங்கில்லை. விலகியவள் வேறொருவரை மணக்கவும் வழி இருந்தது. உழைத்துண்ட மக்கள், ஒவ்வாத உறவைச் சாகும்வரை சுமக்கவேண்டும் என்று கருதவில்லை. வழக்கப்படி நடக்கும் இத்தகைய மணவிலக்கை 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் செல்லாதென்று தள்ளாமல், 29-ம் பிரிவில் இடம் விட்டு வைத்தது.

துரும்பைப் பாராட்டலாம். ஆனால், அந்தத் துரும்பு இரண்டு பெரியவர்களுக்கு விடுதலை தந்தது. இடுப்பிலே இருந்த குழந்தைக்கு என்ன தந்தது? கூடியிருந்த பெரியவர்கள் நல்லவர்களாயிருந்தால் நியாயம் கிடைத்திருக்கும், இல்லையேல் இல்லை. குழந்தையின் உரிமை பிறர் நல்லெண்ணத்திலே தொங்கிற்று.

வைதீகம் வகுத்த வழியோ அதனினும் கொடிது. மனுவின் நூல், பெண்ணை நிலம் என்றும் ஆணை விதை என்றும் உவமித்து, விதையே உயர்ந்ததென வாதிடுகிறது. மனைவி, மகன், அடிமை ஆகிய மூவர்க்கும் தமக்கெனச் சொத்தில்லை என்கிறது. மனைவியும் மகனும் அடிமையும் ஒரே வரிசையில்! வரிசையைக் கவனியுங்கள், பிள்ளையை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பது விளங்கும். துரும்பு கொடுத்த உழவனின் வழக்கம் ஊர்க் கூட்டத்தோடு நின்றது. மனுவின் வாசகமோ, ஆங்கில ஆட்சியின் நீதிமன்றத்திலே 'இந்து லா' என்ற பட்டயத்தோடு மேடையேறியது.

ஆங்கிலேயர் மட்டும் வழிகாட்டத் தகுதி பெற்றிருந்தனரா? இல்லை. 1836-ல் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் கணவரைப் பிரிய நேர்ந்தது. அவருடைய மூன்று புதல்வர்களையும் கணவர் எடுத்துச் சென்றார், காணவும் விடவில்லை. சட்டம் தந்தையின் பக்கம் நின்றது. அந்தத் தாய் அழுது ஓயவில்லை, எழுதிப் போராடினார். 1839-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாய் தன்னிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றது. கேட்கலாம் என்ற அளவுக்கு வரவே ஒரு தாயின் கண்ணீரும் மைக்கூடும் தேவைப்பட்டன!

நம் சென்னையிலும் உலகறிந்த வழக்கொன்று நடந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பி நித்தியானந்தாவையும் அன்னிபெசன்ட் அம்மையாரிடம் ஒப்படைத்திருந்த தந்தை நாராயணய்யா, 1912-ல் பிள்ளைகளைத் திருப்பித் தரக் கோரி வழக்கிட்டார். 1913-ல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1914-ல் பிரிவி கவுன்சில் அதை மாற்றிற்று. அது மணவிலக்கு வழக்கன்று. தாய் முன்பே இறந்துவிட்டார். ஆயினும் அதிலே இரண்டு கருத்துகள் வெளிப்பட்டன. தந்தையின் காப்புரிமை, பிள்ளையின் நன்மைக்காக அவரிடம் நம்பி விடப்பட்ட பொறுப்பு என்பது ஒன்று. அந்தப் பிள்ளைகளின் நலனும் விருப்பமும் கேட்கப்படவேயில்லையே என்பது மற்றொன்று. 'யாருடையது?' என்ற கேள்விச் சுவரிலே விழுந்த முதல் கீறல்களில் அதுவும் ஒன்று.

இனிச் சோற்றுக்கு வருவோம்.

1861-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, வசதியிருந்தும் மனைவியையும் பிள்ளையையும் கைவிட்டவனை மாதப்படி கட்டச்சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தரப்பட்டது. 1898-ம் ஆண்டுச் சட்டத்தில் அது 488-ம் பிரிவு. முறையான மணத்தில் பிறந்த பிள்ளையாயினும் அல்லாத பிள்ளையாயினும் படி உண்டு என்றது அப்பிரிவு. நல்லது! ஆனால் நோக்கம் என்ன? 1872-ம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கிய சர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் மறைக்காமலே சொன்னார்: ஆதரவற்றோர் தெருவில் அலைவதையும் அதனால் வரும் விளைவுகளையும் தடுக்கும் வழி இது என்று. அதாவது, குழந்தை பசித்திருப்பது அரசுக்குக் கவலையில்லை. பசித்த குழந்தை நாளைக்குத் திருடனாகுமே என்பதுதான் கவலை!

அந்த நோக்கத்துக்கேற்ற அளவுதான் தொகையும். உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1923-ல் 100 ஆயிற்று. 1955-ல் 500 ஆயிற்று. 1973-ம் ஆண்டுப் புதிய சட்டத்தில் 125-ம் பிரிவு என்று எண் மாறியது. 500 மட்டும் மாறவில்லை. அரிசி விலை ஏறிற்று, பள்ளிக் கட்டணம் ஏறிற்று, வாடகை ஏறிற்று. 2001-ல் உச்சவரம்பு நீக்கப்படும்வரை அந்த 500 மட்டும் அசையாமல் நின்றது. கோட்டைச் சுவருக்குக்கூட அத்தனை உறுதி இல்லை!

இந்த இருளிலே விளக்கேற்றியது யார்? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சமவுரிமை வேண்டும், ஒவ்வாத மணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும் என்று முழங்கியது. கல்யாண விடுதலை என்ற தலைப்பிலேயே பெரியார் எழுதினார். கல்லாலடித்தனர், கேலி பேசினர். எனினும் காலம் அந்தப் பக்கமே நகர்ந்தது. 1949-ல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமையும் தந்து சட்டம் செய்தது. இந்தியா முழுமைக்குமான சட்டத்துக்கு ஆறாண்டு முந்தி!

ஆனால் சுயமரியாதைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கே ஒரு சோதனை வந்தது. 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம், புரோகிதமின்றிச் சடங்கின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. மேடையறிய, ஊரறிய மாலை மாற்றிக்கொண்டவரின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணுக்கு 'முறையற்ற' பிள்ளைகள் ஆயினர். அக்கினி சாட்சியில்லை என்பதற்காக அன்னமும் உரிமையும் ஐயத்துக்கிடமாயின! 1967-ல் அறிஞர் அண்ணா அமைத்த அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம், வரப்போகும் சுயமரியாதைத் திருமணங்களோடு முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கி அந்தக் களங்கத்தைத் துடைத்தது. அந்தச் சட்டத்தை மணமக்களுக்கான சட்டம் என்றே பேசுகிறோம். அது பிள்ளைகளுக்கான சட்டமுமாகும் என்பதை மறக்கலாகாது.

வடபுலத்து நாடாளுமன்றம் என்ன செய்தது? 1956-ல் இயற்றிய காப்பாளர் சட்டத்தின் 6-ம் பிரிவிலே, பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று எழுதி வைத்தது. ஐந்து வயது நிறையாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்கலாமாம். பாலூட்ட, தாலாட்ட, இரவெல்லாம் கண்விழிக்கத் தாய். வளர்ந்தபின் கையெழுத்திடத் தந்தை! கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அவர் வழக்காடினார். 1999 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், 'பின்' என்ற சொல்லுக்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளன்று, தந்தை பொறுப்பேற்காத நிலையிலும் தாயே காப்பாளர் என்று விளக்கியது. 2015-ல் சட்ட ஆணையம், தாய்க்கும் தந்தைக்கும் சமநிலை தந்து அந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லிற்று. விளக்கம் மாறியது, எழுத்து மாறவில்லை.

சென்னையிலிருந்து சென்ற மற்றொரு வழக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு கிறித்தவத் தம்பதியர் நீதிமன்றத்தின் வழியே பிரிந்தனர். மூன்று பிள்ளைகள். யாரிடம் யார் என்பது பற்றி உத்தரவு வந்தது. மாற்றக் கோரி மனு. மீண்டும் உத்தரவு, மீண்டும் மேல்முறையீடு. ஆண்டுகள் ஓடின, பிள்ளைகள் வளர்ந்தனர். 1973-ல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லியது: பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருளுமல்லர், விளையாட்டுப் பொம்மையுமல்லர், அவர்தம் நன்மையே அளவுகோல்.

அந்த அளவுகோல் சரியானது. அதனால்தான் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற உத்தரவு முடிந்த முடிவாவதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ம் பிரிவு, காலத்துக்கேற்ப அதை மாற்ற இடம் தருகிறது. குழந்தை வளர்கிறது, தேவை மாறுகிறது, தாயின் நிலையோ தந்தையின் நிலையோ மாறுகிறது. மாற்றத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையின் நன்மைக்காகத் திறந்து வைத்த அந்தக் கதவின் வழியாகவே, படி கட்டாதவரும் நுழையப் பார்க்கிறார். பிள்ளை என்னிடம் வந்துவிட்டால் படி கட்ட வேண்டாமே என்ற கணக்கு! அன்பின் பெயரால் வரும் மனுவுக்குள்ளே அரைப்பக்கம் கூட்டல் கழித்தல்!

படி ஏன் நிலுவையாகிறது என்பதையும் பார்ப்போம். அரசு ஊழியரானால் சம்பளத்திலே பிடிக்கலாம். பூட்டுப் பட்டறையில் உருப்படிக்குக் கூலி வாங்குபவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? திருப்பூருக்குப் பிழைக்கப் போனவருக்கு வாரண்டு எந்த முகவரிக்குப் போகும்? 'ஆள் இல்லை' என்று திரும்பி வரும். தொகை சேர்ந்த ஓராண்டுக்குள் தாய் மனுச் செய்தாக வேண்டும். தவறினால் வாரண்டு வழி அடைபடும். ஒருநாள் வேலையை விட்டால்தான் ஒருநாள் நீதிமன்றம். அன்றையக் கூலியும் போயிற்று, பேருந்துக் கட்டணமும் போயிற்று! கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை என்கிறது சட்டம். சிறைக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்தது என்று சிலர் நினைத்தனர். தீராது என்று 1988-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. முஸ்லிம் தாய் மணவிலக்குப் பெற்றபின்னும், அவளிடம் வளரும் பிள்ளைகளுக்குத் தந்தை 125-ம் பிரிவின்படி கட்டியே ஆகவேண்டும் என்று 1997-ல் சொன்னது. 2020 நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே சென்று, மனுச் செய்த நாளிலிருந்தே தொகை வழங்கவேண்டும், இருவரும் தம் வரவு செலவு, சொத்து, கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்று நெறி வகுத்தது. 2024 சூலை முதல் புதிய சட்டத்தில் அது 144-ம் பிரிவு. தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் தட்டிலேதான்.

இங்கே இரண்டு வாதங்கள் எழும். "பிள்ளையைக் கண்ணிலே காட்டவில்லை, எதற்குப் பணம்?" என்பார் தந்தை. "பணம் அனுப்பவில்லை, எதற்குப் பிள்ளையைக் காட்டவேண்டும்?" என்பார் தாய். பகுத்தறிவுத் தராசிலே இரண்டும் நில்லா. முன்னவர் குழந்தையின் வயிற்றைப் பணயம் வைக்கிறார். பின்னவர் குழந்தையின் பாசத்தைப் பணயம் வைக்கிறார். படி, மனைவிக்கு இடும் பிச்சையன்று. தாயிடம் கொடுத்து வைக்கும் பிள்ளையின் உரிமை. தந்தையைக் காண்பதும் தந்தைக்குக் காட்டும் சலுகையன்று; அதுவும் பிள்ளையின் உரிமை. தாய்க்கு வருவாய் உண்டெனில் அவளும் பங்கு தரவேண்டும் என்பதே நீதி. பொறுப்பிலே ஆண்பால் பெண்பால் இல்லை. ஆனால் இந்நாட்டில் பிள்ளையோடு தனித்து நிற்பவள் பெரும்பாலும் பெண். பையிலே பணமில்லாதவளும் அவளே. அந்த உண்மையை மறைத்துவிட்டு நடுநிலை பேசுவது நடுநிலை ஆகாது.

வழி என்ன? உலகம் வழி கண்டிருக்கிறது. சுவீடன் நாடு 1937-லேயே ஒரு சட்டம் செய்தது. தந்தை கட்டத் தவறினால் அரசு முன்பணமாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும். பிறகு அரசே அவரிடம் வசூலிக்கும். ஆஸ்திரேலியா 1988-ல் அந்த வசூலை வரித்துறையிடமே ஒப்படைத்தது. அங்கே தாய் கடன்காரனைத் துரத்தவில்லை, அரசு துரத்துகிறது. பசிக்குக் காத்திருக்கத் தெரியாது, அரசுக்குத் தெரியும் என்ற எளிய அறிவு!

இங்கே அது நடவாது என்பவருக்கு ஒரு சான்று. 2023 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1000 ரூபாய். அதற்கு வைத்த பெயர் உதவித்தொகை அன்று, உரிமைத்தொகை! ஒரு கோடிப் பேருக்குப் பணம் போய்ச்சேர வழி கண்ட நாட்டில், நீதிமன்றம் விதித்த பிள்ளைப்படியை முன்பணமாகக் கொடுத்து, கட்டவேண்டியவரிடம் அரசே வசூலிக்க வழி காண முடியாதா? திண்டுக்கல் மாவட்டம் தோன்றியதும் 1985-ல் அதே செப்டம்பர் 15-ல்தான். முதல் முயற்சி அங்கேயே தொடங்கட்டுமே!

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இளைஞர்களே. உங்கள் தெருவிலே பெரியவர்கள் கூடி, 'தீர்த்துவிட்டோம்' என்று ஒரு தொகையைப் பேசி முடிக்கும்போது எழுந்து கேளுங்கள்: பிள்ளைக்கு என்ன எழுதினீர்கள் என்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் தரவேண்டும் என்று 1987-ம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டம் சொல்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வாயில்வரை அந்தத் தாயோடு நடந்து செல்லுங்கள். ஓராண்டுக் கெடு தவறாமல் மனு எழுதிக் கொடுங்கள். மேடையிலே பெண்ணுரிமை பேசுவதும், நீதிமன்றத் தாழ்வாரத்திலே ஒரு தாய்க்குத் துணை நிற்பதும் ஒரே இயக்கத்தின் இரண்டு வேலைகள்.

ஒவ்வாத மணத்தை முறிக்கும் உரிமைக்கு நாம் போராடினோம், பெற்றோம். அதைக் காட்டி, 'பார், விடுதலை என்றாய், பிள்ளை தெருவில் நிற்கிறது!' என்று வைதீகம் நம்மைப் பார்த்துச் சிரிக்க இடம் தரலாமா? கணவன் மனைவி உறவைத் துரும்பால் முறிக்கலாம், தாளால் முறிக்கலாம், தீர்ப்பால் முறிக்கலாம். பெற்ற பொறுப்பை முறிக்க எந்தத் துரும்பும் இல்லை.

மாங்காய்ப் பூட்டுச் செய்த திண்டுக்கல் கைகளுக்குத் தெரியும், சாவி இல்லாத பூட்டு வெறும் இரும்பு என்று. செயற்படுத்த ஆளில்லாத தீர்ப்பும் அதுவே. அந்தச் சாவியை அரசின் கையிலே கொடுக்கச் செய்வது நம் வேலை. அதுவரை துரும்பு கொடுத்தவரைக் காணும் இடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்போம்: சோறு கொடுத்தாரா?